ஒரு குடும்பம் மறைத்த கருவி

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் எசெக்ஸ் என்னும் வட்டாரத்தில் உட்காம் மார்ட்டிமர் என்றொரு சிற்றூர் உள்ளது. அவ்வூரின் பழைய மாளிகையொன்றில், கூரையை ஒட்டிய சிற்றறையின் தரைப்பலகைக்கு அடியில் மறைவிடம் ஒன்று இருப்பதை 1813ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்த முதிய அம்மையார் ஒருவர் கண்டார். உள்ளே ஒரு பெட்டி. பெட்டியினுள் சில நாணயங்கள், சிறு அணிகலன்கள், பழங்கடிதங்கள். ஒரு தாளில் பல்லொன்று சுற்றிவைக்கப்பட்டிருந்தது. “என் கணவரின் கடைசிப் பல்” என்று அத்தாளில் எழுதியிருந்தது. இவற்றோடு இரும்பாலான கருவிகள் சில கிடந்தன. அகப்பை போன்று வளைந்து, நடுவே திறந்த இரும்புத் தகடுகள் அவை. இரண்டிரண்டாகச் சேர்த்தால் இடுக்கியாக அமையும்.

பல்லைப் போற்றி வைத்த மனைவியின் அன்பு உருக்கமானதுதான். ஆனால் அப்பல்லின் அருகே கிடந்த இரும்பு, நூறாண்டுக்கு மேலாக ஐரோப்பாவின் தாய்மார்களுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்ட ஒரு பொருள். ஒரு குடும்பம் அதனை அறிந்திருந்தது. அறிந்ததனால் செல்வம் பெற்றது; அரண்மனைகளில் நுழைந்தது. பிறருக்கு அதனைச் சொல்ல மறுத்தது.

அக்கருவி என்ன செய்தது என்பதை அறிய, அது இல்லாத காலத்தில் மகப்பேறு எப்படி நடந்தது என்பதை முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் பிள்ளைப்பேறு முழுவதும் பெண்கள் கையில் இருந்தது. மருத்துவச்சியும் அண்டை வீட்டுப் பெண்களும் சூழ்ந்திருப்பர். பெரும்பாலான பேறுகள் இயல்பாகவே முடிந்தன. ஆனால் தாயின் இடுப்பெலும்பு குறுகியிருந்தாலோ, பிள்ளையின் தலை திரும்பாமல் நின்றாலோ, வலி ஓய்ந்து தாய் சோர்ந்துவிட்டாலோ நிலைமை கொடுமையாக மாறும். தலை வழியிலேயே சிக்கிக்கொள்ளும். இரண்டு நாள், மூன்று நாள் என வேதனை நீளும். அப்பொழுதுதான் ஆண் மருத்துவன் ஒருவனுக்கு ஆளனுப்புவார்கள். அவன் கொண்டுவருவன கொக்கியும் துளைக்கும் கம்பியும். தாயையாவது காப்பாற்றப் பிள்ளையைச் சிதைத்து வெளியே எடுப்பதே அவன் அறிந்த வழி. வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கும் முறை பேசப்பட்டதேயன்றி, உயிருள்ள தாய்க்கு அதனைச் செய்தால் அவள் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகவே கருவியேந்திய ஆண்மகன் பேற்றறைக்குள் நுழைகின்றான் என்றால், உள்ளே ஓர் உயிர் போகப்போகிறது என்று பொருள். சிலவேளை இரண்டு உயிர்கள்.

இந்நிலையில், சிக்கிய தலையைச் சிதைக்காமல் இருபுறமும் அணைத்துப் பிடித்து, தாயின் வலியோடு இசைந்து இழுத்து, பிள்ளையை உயிரோடு வெளிக்கொணரும் கருவி ஒன்று இருந்தால்? தமிழர் வீடுகளில் “ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார்கள்” என்று சொல்வதுண்டு. அந்த ‘ஆயுதம்’ இதுவே.

இதன் நுட்பம் ஒன்றே ஒன்று. பொதுவான இடுக்கியில் இரு கைகளும் ஆணியால் பிணைக்கப்பட்டிருக்கும். அதனைக் குறுகிய வழியில் நுழைத்து உள்ளே விரிப்பது இயலாது. ஆனால் இரு பாதிகளையும் தனித்தனியே பிரித்துவிட்டால், முதலில் ஒன்றைத் தலையின் ஒருபுறம் மெல்லச் செலுத்தலாம். பின் மற்றதை மறுபுறம் செலுத்தலாம். அதன்பிறகு வெளியே இரண்டையும் குறுக்காகச் சேர்த்துப் பிணைத்துக்கொள்ளலாம். உட்காம் மார்ட்டிமர் பெட்டியிலிருந்த கருவிகளுள் ஒருவகை முளையால் பூட்டப்படுவது. மற்றொரு வகை துளையில் நாடாவைக் கோத்துக் கட்டப்படுவது. கேட்பவர்க்கு இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரு கொல்லனிடம் ஒருமுறை சொல்லிவிட்டால் மறுநாளே செய்து தந்துவிடுவான். மறைப்பதற்கு இத்துணை முயற்சி வேண்டியிருந்ததும் அதனாலேயே. கண்ணால் கண்டவுடன் விளங்கிவிடும் பொருளை, கண்ணில் படாமல் காப்பதைத் தவிர வேறு காவல் இல்லை.

அக்குடும்பத்தின் பெயர் சேம்பர்லென். பிரான்சு நாட்டில் சீர்திருத்தக் கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்ட காலத்தில், வில்லியம் சேம்பர்லென் என்பவர் 1569இல் மனைவி மக்களோடு இங்கிலாந்துக்குத் தப்பிவந்தார். அவருடைய மக்கள் இருவர் இத்தொழிலில் புகழ்பெற்றனர். இருவர்க்கும் பெயர் பீட்டர். ஒரே வீட்டில் இரு பிள்ளைகளுக்கு ஒரே பெயரிட்ட தந்தையின் எண்ணம் என்னவோ, வரலாற்று ஆசிரியர்களுக்கு அது பெருந்தொல்லை. மூத்த பீட்டர், இளைய பீட்டர் என்றே அவர்களைப் பிரித்துரைப்பர். இக்கருவியை முதலில் ஆக்கியவர் மூத்த பீட்டரே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

மூத்த பீட்டர் முதலாம் ஜேம்ஸ் மன்னனின் அரசி ஆனுக்கு மருத்துவம் பார்த்தவர். அவர் அறுவைத் தொழிலினர். மருந்து கொடுக்கும் உரிமை அவருக்கில்லை என்பது இலண்டன் மருத்துவர் கல்லூரியின் கட்டுப்பாடு. அதனை மீறினார் என்று 1612இல் அவரை நியூகேட் சிறையில் அடைத்தார்கள். அரசியின் விருப்பப்படி கேன்டர்பரிப் பேராயர் தலையிட்டபிறகே விடுதலை கிடைத்தது. தம் தொழிலுரிமையைப் பிறர் அடைத்துவைத்ததால் சிறை சென்ற மனிதர் அவர். அறிவை வேலியிட்டுக் காக்கும் வழக்கத்தின் கசப்பை அவரைக் காட்டிலும் நன்கு உணர்ந்தவர் இருந்திருக்க முடியாது. எனினும் தம் வேலியை அவர் திறக்கவில்லை.

சேம்பர்லென் குடும்பத்தார் பேறு பார்க்கச் செல்லும் முறையைப் பற்றிப் பல கதைகள் வழங்கின. பொன்முலாம் பூசிய பெரிய பெட்டியொன்றை இருவர் தூக்கி வருவார்களாம். உள்ளே ஏதோ பெரும்பொறி இருப்பதாக எல்லாரும் நம்புவார்களாம். தாயின் கண்களைத் துணியால் கட்டி, உறவினரை வெளியேற்றி, கதவைத் தாழிட்டுக்கொள்வார்களாம். வெளியே நிற்பவர்களுக்கு மணியோசையும் வேறு வினோத ஒலிகளும் கேட்குமாம். இவற்றுள் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஊர்ப்பேச்சு என்று பிரிப்பது கடினம். ஆனால் கருவி ஒரு நூற்றாண்டு வெளிப்படாமல் இருந்தது என்பது மட்டும் உண்மை. ஏதேனும் ஒருவகைத் திரையின்றி அது கூடியிருக்காது.

இளைய பீட்டரின் மகனும் பீட்டர்தான். இவர் கேம்பிரிட்ஜ், ஹைடல்பர்க், படுவா ஆகிய பல்கலைக்கழகங்களில் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர். 1628இல் மருத்துவர் கல்லூரியின் உறுப்பினரானார். இவருடைய இயல்பு விந்தையானது. 1648இல் பொதுமக்களுக்குக் குளிப்பிடங்கள் வேண்டுமென்று எழுதினார். 1649இல் ஏழைகளின் வழக்கறிஞனாகத் தம்மைக் காட்டிக்கொண்டு ஒரு நூலே வெளியிட்டார். நாட்டின் செல்வத்தில் ஏழைக்கும் பங்குண்டு என்று வாதாடினார். அந்நூலை எழுதிய அதே கைதான் பேற்றறையில் துணிக்கு அடியில் இரும்பை மறைத்துப் பிடித்தது. இவரை வெறும் போலி என்று தள்ளிவிடுவதும் பொருந்தாது. ஏழைக்கு நிலத்திலும் பொருளிலும் பங்கு உண்டென்று மெய்யாகவே நம்பியிருக்கலாம். அறிவும் அவ்வாறு பங்கிடத்தக்க பொருள் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றவில்லை போலும்.

1634இல் இந்த டாக்டர் பீட்டர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். இலண்டன் மருத்துவச்சிகள் அனைவரையும் ஒரு சங்கமாக இணைத்து, அதற்குத் தாமே தலைவராயிருந்து, அவர்களுக்குப் பாடம் சொல்லி உரிமம் வழங்குவது என்பது அத்திட்டம். மருத்துவச்சிகளுக்குக் கல்வி வேண்டும் என்பதில் தவறில்லை. அவருடைய தந்தையும் பெரியப்பாவும் முன்பே இத்தகைய வேண்டுகோளை அரசனிடம் வைத்ததுண்டு. ஆயினும் மருத்துவச்சிகள் சீறியெழுந்தனர். எதிர் மனு கொடுத்தனர். இவர் கருவிகொண்டு வன்முறையாய்ப் பிள்ளை எடுப்பவர். இயல்பான பேற்றைப் பற்றி எங்களுக்குச் சொல்லித்தர இவருக்கு என்ன தெரியும் என்று கேட்டனர். தம் சொற்படி நடவாத மருத்துவச்சி அழைத்தால் இவர் வர மறுக்கின்றார் என்றும் குறை கூறினர். திட்டம் தோற்றது. அப்பெண்களின் வாதத்தில் தன்னலமும் இருந்தது, நியாயமும் இருந்தது. ஆசிரியராக விரும்பிய மனிதர், சொல்லித்தர வேண்டிய ஒன்றே ஒன்றைச் சொல்லித்தர எண்ணியதாகத் தெரியவில்லை. அவர்கள் கற்கவேண்டும், அவர் அறிந்ததை மட்டும் கேட்கக்கூடாது என்றால், அந்தச் சங்கம் யாருக்காக?

குடும்பத்தின் சார்பிலும் சொல்லத்தக்கது உண்டு. அக்காலத்தில் தொழில் நுணுக்கத்தை மகனுக்கும் மாணாக்கனுக்கும் மட்டும் சொல்வதே உலக வழக்கம். சாயம் தோய்ப்பவனும் கண்ணாடி ஊதுபவனும் அவ்வாறே செய்தனர். மருத்துவர்கள் போற்றும் இப்போக்கிரட்டீசின் உறுதிமொழியே, தன் மக்கள், ஆசானின் மக்கள், உறுதி பூண்ட மாணாக்கர் ஆகியோரைத் தவிர வேறெவர்க்கும் கலையைக் கற்பிப்பதில்லை என்று கூறுகின்றது. 1624இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் புதுப்பொருளை ஆக்கியவனுக்கு 14 ஆண்டுத் தனியுரிமைக்கு வழிவிட்டது. அதன்பின் அது எல்லார்க்கும் பொது. நாடு கடந்து வந்த ஒரு குடும்பத்துக்கு 14 ஆண்டு வருவாயைவிட நூறாண்டு வருவாய் இனித்ததில் வியப்பில்லை. ஆனால் சாயத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. சாயத்தின் நுணுக்கம் மறைந்திருந்தால் ஒருத்தியின் சேலை சற்று நிறம் குறையும்.

டாக்டர் பீட்டரின் மூத்த மகன் ஹியூ. இவர் காலத்தில்தான் கதை நாடகமாகிறது. 1670இல் இவர் பாரிசுக்குச் சென்றார். குடும்ப மறைபொருளைப் பிரெஞ்சு அரசுக்குப் பெருந்தொகைக்கு விற்பது நோக்கம். எத்தகைய கடினமான பேற்றையும் கால்மணி நேரத்தில் முடித்துக்காட்டுவேன் என்றார். பாரிசில் அன்று மகப்பேற்று மருத்துவத்தில் தலைசிறந்து விளங்கியவர் பிரான்சுவா மோரிசோ. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1668இல், தாம் அறிந்தவற்றையெல்லாம் தொகுத்துப் பெருநூலாக வெளியிட்டிருந்தார் அவர். மோரிசோ ஹியூவைச் சோதிக்க எண்ணினார். இடுப்பெலும்பு மிகவும் கோணிச் சுருங்கிய குள்ளமான ஒரு பெண், பல நாட்களாகப் பேற்று வேதனையில் கிடந்தாள். அவளைக் காட்டினார். மோரிசோவே கைவிட்ட நிலை அது.

ஹியூ தனியறையில் அப்பெண்ணோடு மூன்று மணி நேரத்துக்குமேல் போராடினார். பிள்ளை வரவில்லை. களைத்து வெளியே வந்து தோல்வியை ஒப்புக்கொண்டார். மறுநாள் அப்பெண் பிள்ளையை ஈன்றெடுக்காமலே இறந்தாள். கருப்பை கிழிந்திருந்தது. விற்பனை நின்றுபோயிற்று.

அப்பெண்ணின் பெயர் வரலாற்றில் பெரிதாக நிற்கவில்லை. இரு மருத்துவர்களின் போட்டிக்கு இடையே அவள் ஒரு சோதனைப் பொருளானாள். எந்த இடுக்கியாலும் காப்பாற்ற முடியாத நிலை அவளுடையது என்பதை இன்றைய மருத்துவம் அறியும். கருவியின் எல்லை எதுவென்று அறிய வழியில்லாமற்போனதும் மறைப்பின் விளைவே. பலர் கையில் பழகியிருந்தால், எவ்வளவு குறுகிய இடுப்புக்கு இது உதவும், எதற்கு உதவாது என்பது முன்பே எழுதப்பட்டிருக்கும். ஹியூவும் கால்மணி நேரம் என்று வாய்விட்டிருக்க மாட்டார்.

அவர் வெறுங்கையோடு ஊர் திரும்பவில்லை. மோரிசோவின் நூலொன்றைக் கொண்டுவந்தார். அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1672இல் வெளியிட்டார். நூல் நன்றாக விற்றது; பலமுறை மறுபதிப்புப் பெற்றது. அவர் புகழும் ஓங்கியது. மறு ஆண்டே இரண்டாம் சார்ல்ஸ் மன்னனின் மருத்துவருள் ஒருவரானார். மோரிசோ எல்லார்க்கும் திறந்துவைத்த அறிவை எடுத்துத் தம் நாட்டில் விற்றவர், அதே நூலின் முன்னுரையில் தம் அறிவைத் திறக்காததற்குக் காரணம் கூறுகின்றார். சிக்கிய தலையைக் கொக்கியின்றி எடுக்கும் வழி தமக்கும் தம் தந்தைக்கும் உடன்பிறந்தாருக்கும் தெரியும் என்று பெருமைப்படுகின்றார். ஆனால் தந்தையும் உடன்பிறந்தாரும் அதனைக்கொண்டே பிழைக்கின்றமையால், அது தமக்கு மட்டும் உரிய பொருளன்று. வெளியிட்டால் அவர்களுக்குக் கேடு செய்வதாகும் என்று வருந்துகின்றார். வாதம் குடும்பத்துக்குள் நின்று பார்த்தால் நேர்மையானதாகவே தோன்றுகிறது. உடன்பிறந்தார்க்குத் துரோகம் செய்யக்கூடாது என்பது நல்ல எண்ணம்தானே! அந்த முன்னுரையைப் படித்த மருத்துவர்கள் கொக்கியையும் கம்பியையும் எடுத்துக்கொண்டுதான் மறுநாளும் பேற்றறைக்குச் சென்றார்கள். வேறு வழி உண்டு என்று இப்பொழுது அறிந்துகொண்டே சென்றார்கள்.

உடன்பிறந்தாருள் பால் என்பவரின் பெயரால், குழந்தைக்குப் பல் முளைக்கும்போது வலி தீர்க்கும் என்று கழுத்துமாலை ஒன்று இலண்டனில் விற்கப்பட்டது. அதற்கு விளம்பரம் தாராளமாக இருந்தது. பயனற்ற மாலையை ஊரறியப் பறைசாற்றுவது, பயனுள்ள இரும்பைத் தரைக்கடியில் புதைப்பது என்று அக்குடும்பத்தின் போக்கு அமைந்தது.

1688இல் இரண்டாம் ஜேம்ஸின் அரசிக்கு மகன் பிறந்தபோது ஹியூவுக்கு அழைப்பு வந்தது; ஆனால் அவர் போய்ச் சேருமுன் பிள்ளை பிறந்துவிட்டது. பின்னர் நிலத்தை ஈடாக வைத்து நோட்டு வெளியிடும் வங்கித் திட்டமொன்றில் இறங்கினார். அது முறிந்தது. 1690களின் இறுதியில் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. கடைசியில் ஆலந்து நாட்டை அடைந்தார். அங்கே ஆம்ஸ்டர்டாம் நகரில் ரோன்ஹைசன் என்னும் மருத்துவருக்கு மறைபொருளை விற்றார் என்பர்.

ஆலந்தில் நடந்தது இங்கிலாந்தில் நடந்ததைவிடக் கேவலம். இங்கிலாந்தில் ஒரு குடும்பம் மறைத்தது. ஆம்ஸ்டர்டாமில் மருத்துவ நிறுவனமே மறைத்தது. நகரில் மகப்பேறு பார்க்க விரும்பும் மருத்துவர்கள் 1746 முதல் அந்நிறுவனத்தின் தேர்வில் தேறவேண்டும். தேர்வில் தேற, ‘ரோன்ஹைசன் மறைபொருளை’ அறிந்திருக்க வேண்டும். அறிய வேண்டுமானால், பெரும்பணம் கொடுத்து, எவர்க்கும் சொல்வதில்லை என்று உறுதிகூற வேண்டும். அறிவுக்குச் சுங்கச்சாவடி வைத்தாற்போன்ற ஏற்பாடு! விஸ்கர், வான் டெ போல் என்னும் இரு மருத்துவர்கள் இதனைப் பொறாமல், அம்மறைபொருளை விலைகொடுத்து வாங்கி, 1753இல் உலகறிய அச்சிட்டுவிட்டார்கள். அப்பொழுது வெளிப்பட்டது என்ன? இடுக்கி அன்று. நெம்புகோல் போன்ற ஒற்றைத் தகடு. ஹியூ பாதியை மட்டும் விற்று ஏமாற்றினாரா, வாங்கியவர்கள் தமக்குள் ஏமாற்றிக்கொண்டார்களா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. மறைவாக விற்கப்படும் பொருளைத் திறந்து சரிபார்க்க ஒருவருமில்லை. ஆகவே விற்றவர் சொன்னதே சரக்கு.

இதற்கிடையில் கெண்ட் நகரத்து அறுவை மருத்துவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் யான் பால்ஃபைன். சேம்பர்லென் குடும்பத்தார் ஏதோ கருவி வைத்திருக்கிறார்கள் என்னும் வதந்தி ஐரோப்பா எங்கும் பரவியிருந்தது. பால்ஃபைன் தாமே எண்ணி, அகப்பை போன்ற இரு இரும்புக் ‘கைகளை’ச் செய்து, 1720ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிசு அறிவியல் கழகத்தின்முன் வைத்தார். அக்கருவி குறையுடையது. இரு தகடுகளும் குறுக்கே சேராமல் இணையாக நின்றன, பிடி நழுவியது. ஆனால் அவர் அதனை மறைக்கவில்லை. ஆகவே குறையைப் பிறர் கண்டனர், திருத்தினர். பிரான்சில் துய்சே என்பவர் தகடுகளைக் குறுக்காகச் சேர்த்தார். இத்தகைய கருவி ஒன்று இருக்கவே முடியாது. இருந்து, அதனை ஒருவன் மறைத்து வைத்தானாயின் அவனுக்குக் கொடிய தண்டனையும் போதாது என்னும் பொருள்பட மற்றொரு பிரெஞ்சு மருத்துவரான தெ லா மோத் எழுதினார். கடல் கடந்து இங்கிலாந்தில் அப்படியே நடந்துகொண்டிருந்ததை அவர் அறியார். பால்ஃபைன் 1730இல் வறுமையில் இறந்தார்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1728இல், ஹியூவின் மகனான இளைய ஹியூ இலண்டனில் இறந்தார். அவருக்கு ஆண்மக்கள் இல்லை. பெருமக்களின் நட்பைப் பெற்ற அவருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பளிங்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. நெடிய இலத்தீன் புகழுரையும் பொறிக்கப்பட்டது. பால்ஃபைனின் முடிவையும் இதனையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்க்கு மனம் கசக்காமல் இராது. இளைய ஹியூவின் கடைசிக் காலத்தில்தான் மறைபொருள் மெல்லக் கசிந்தது. ஆண் வாரிசு இல்லாமையால் காவல் தளர்ந்தது என்பர். 1733இல் எட்மண்டு சாப்மன் இடுக்கியைப் பற்றி அச்சில் எழுதினார். 1734இல் வெளியான ஜிஃபர்டின் நூல் அதன் படத்தையே காட்டிற்று. மூத்த பீட்டர் இறந்தது 1631இல். அந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டாலும் மறைப்பின் காலம் நூறாண்டைத் தாண்டும்.

வெளிப்பட்டபின் நடந்ததே இவ்வரலாற்றில் மிகவும் கருதத்தக்கது. 1747இல் பிரான்சில் லெவ்ரே என்பவர், இடுப்பின் வழி நேரானதன்று, வளைந்தது என்பதை எண்ணி, தகடுகளுக்கு மேல்நோக்கிய வளைவைத் தந்தார். இங்கிலாந்தில் வில்லியம் ஸ்மெலி, எளிதில் பூட்டவும் கழற்றவும் ஏற்ற பூட்டை அமைத்தார். அதுமட்டுமன்று, இடுப்பெலும்பை அளந்து, பிள்ளையின் தலை எவ்வாறு திரும்பித் திரும்பி இறங்குகிறது என்பதைக் கண்டு, எப்பொழுது இடுக்கியைப் போடவேண்டும், எப்பொழுது போடக்கூடாது என்று விதி வகுத்தார். 1733 முதல் 1752இல் ஸ்மெலியின் நூல் வரும்வரை பத்தொன்பது ஆண்டுகள். சேம்பர்லென் குடும்பத்தார் நான்கு தலைமுறையில் செய்யாததை, திறந்த மன்றம் பத்தொன்பது ஆண்டில் செய்தது. அவர்கள் அறிவிலிகள் அல்லர். கைத்திறனில் ஒருவேளை ஸ்மெலியையும் விஞ்சியவர்கள். ஆனால் தம் தவற்றைப் பிறர் எடுத்துரைக்க வழியில்லாத இடத்தில் எவ்வளவு அறிவாளியும் தன் தந்தை செய்ததையே செய்துகொண்டிருப்பான். பெட்டியில் வளர்ந்தது துரு மட்டுமே.

ஸ்மெலி ஸ்காட்லாந்தின் லானர்க் பகுதியைச் சேர்ந்தவர். நாட்டுப்புறத்தில் பல்லாண்டு மருத்துவம் பார்த்துவிட்டு, 1739இல் இலண்டனுக்கு வந்து பாடம் சொல்லத் தொடங்கினார். எலும்பும் தோலும் கொண்டு பொம்மைகள் செய்து, அவற்றில் பேற்றின் முறையைக் காட்டினார். ஏழைப் பெண்களுக்குக் கட்டணமின்றிப் பேறு பார்ப்பார். மாணாக்கர் உடனிருந்து பார்க்க அவர்கள் இசையவேண்டும் என்பதே ஏற்பாடு. பத்தாண்டுகளில் 280க்கு மேற்பட்ட பாடத்தொடர்கள், 900க்கு மேற்பட்ட மாணாக்கர்கள், அவர்கள் கண்முன் 1,150 ஏழைப் பெண்களுக்குப் பேறு என்று அவரே தம் நூலின் முன்னுரையில் கணக்குத் தருகின்றார். மாணவியர் இந்தத் தொள்ளாயிரத்தில் சேரவில்லை. 1754இல் பெரிய படத்தொகுதியையும் வெளியிட்டார். வான் ரிம்ஸ்டைக் என்னும் ஓவியர் அதன் படங்களுள் பெரும்பாலானவற்றை வரைந்தார். சேம்பர்லென் பெயர் சொன்ன ‘வழி’யை இப்பொழுது எந்த ஊர் மருத்துவனும் படம் பார்த்து அறியலாம்.

இதனால் எல்லாம் நன்மையாகவே முடிந்தது என்று சொல்வதற்கில்லை. கற்றவரும் கல்லாதவரும் இடுக்கியைக் கையிலெடுத்தார்கள். பொறுத்திருந்தால் இயல்பாகப் பிறக்கும் பிள்ளையையும் அவசரப்பட்டு இழுத்துத் தாய்க்கும் சேய்க்கும் காயம் செய்தவர்கள் உண்டு. மருத்துவச்சி எலிசபெத் நிகல் 1760இல் கருவிக்காரர்களை, சிறப்பாக ஸ்மெலியை, கடுமையாகத் தாக்கி எழுதினார். அவர் கோபத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. வெளிப்பட்ட மறைபொருள் பெரும்பாலும் ஆண்கள் கைக்கே சென்றது; மருத்துவச்சிகளுக்கு அக்கதவு முழுவதும் திறக்கவில்லை. குடும்ப வேலி விழுந்த இடத்தில் ஆண்களின் வேலி எழுந்தது என்று சொன்னால் மிகையாகாது.

மிகுதியான பயன்பாட்டைக் கண்டு வெறுத்தவர்கள் மறுகோடிக்குச் சென்றார்கள். புகழ்பெற்ற வில்லியம் ஹண்டர், துருப்பிடித்த தம் இடுக்கியை மாணாக்கருக்குக் காட்டி, தாம் அதனைத் தொடுவதே அரிது என்று பெருமைப்படுவாராம். இப்போக்கின் விளைவு 1817இல் அரச குடும்பத்தையே தாக்கியது. மூன்றாம் ஜார்ஜ் மன்னனின் பேர்த்தியும் அரியணைக்கு உரியவளுமான இளவரசி சார்லட், ஐம்பது மணி நேரம் வேதனைப்பட்டாள். மருத்துவர் ரிச்சர்டு கிராஃப்டு இடுக்கியைப் பயன்படுத்தவில்லை. பிள்ளை இறந்தே பிறந்தது. நவம்பர் 6ஆம் நாள் இளவரசியும் இறந்தாள். மன்னனின் மைந்தர்கள் வாரிசு வேண்டி விரைந்து மணம் முடித்ததும், 1819இல் விக்டோரியா பிறந்ததும் இதன் தொடர்ச்சியே. நாடெங்கும் பழிச்சொல் எழ, 1818 பிப்ரவரியில் கிராஃப்டு தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். மருத்துவ உலகில் இடுக்கியைப் பற்றிய வாதம் மீண்டும் கிளம்பிற்று. இம்முறை எதிர்த்திசையில் காற்று வீசியது. ஆனால் வாதம் நூல்களிலும் இதழ்களிலும் நடந்தது. தவறு யாருடையது, எப்பொழுது தலையிட்டிருக்க வேண்டும் என்று எவரும் கேட்கலாம், எவரும் மறுக்கலாம். ஹியூ பாரிசில் தோற்றபோது அப்படிக் கேட்க ஒருவருக்கும் வழியிருக்கவில்லை.

உட்காம் மார்ட்டிமர் மாளிகை டாக்டர் பீட்டர் வாழ்ந்த வீடு. 1683இல் அவர் இறந்தபின், அவர் மனைவியே அப்பெட்டியைத் தரைக்கடியில் வைத்திருக்க வேண்டும் என்று கருதுகின்றனர். கருவிகள் கார்வர்டைன் என்னும் அறுவை மருத்துவர் கைக்கு வந்தன. அவர் அவற்றை 1818இல், கிராஃப்டு இறந்த அதே ஆண்டில், இலண்டன் மருத்துவ அறுவைக் கழகத்துக்கு அளித்துவிட்டார். பின்னர் அவை மகப்பேற்று மருத்துவர்களின் அரச கல்லூரியைச் சேர்ந்தன. 1882இல் ஏவ்லிங் என்னும் மருத்துவர் சேம்பர்லென் குடும்பத்தின் வரலாற்றை நூலாக எழுதியபோது, இக்கருவிகளையும் அதில் விளக்கி அச்சிட்டார்.